எழுத்தின் எதிரே யார்?

1966இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஏறத்தாழ ஐம்பது பேர் கூடி, ‘ஆங்கிலம் என்பது என்ன?’ என்ற கேள்வியில் தொடங்கினார்கள். ஒருமித்த விடை கிடைக்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

அங்கே வந்திருந்த ஜேம்ஸ் பிரிட்டன், பின்னர் சகாக்களுடன் 65 பள்ளிகளிலிருந்து 2122 மாணவர் எழுத்துக்களைத் திரட்டி ஆராய்ந்தார். ஏறக்குறையப் பாதி, மதிப்பெண் போடுகிற ஆசிரியரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை என்றது 1975இல் வெளியான அவர்கள் நூல்.

எனக்கு இது கல்வித்துறைப் புள்ளிவிவரமாக மட்டும் படவில்லை. நேர்மை பற்றிய விஷயமாகவே படுகிறது. சோதிப்பவனுக்கு எழுதுகிறவன், அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததை அவனிடமே திருப்பிச் சொல்கிறான். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். இவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

வங்கியில் வவுச்சர் சரிபார்ப்பது என் பிழைப்பு. அங்கே சந்தேகம் கடமை. கவிதையையும் அப்படியே டிக் அடித்து வாசிக்கும் விமர்சகர்கள் நம்மிடையே உண்டு. (பெயர் சொன்னால் அடுத்த இதழ் முழுக்க மறுப்புக் கடிதங்கள்தான்.) படிமம் இருக்கிறதா, இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கவிஞன் கண்டது என்ன என்று கேட்பதில்லை. அந்தப் பட்டியலை மனதில் வைத்தே எழுதப்பட்ட கவிதைகளும் தபாலில் வந்தபடி இருக்கின்றன. பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.