அழுக்கை அழுக்கால் கழுவினால்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார். உடம்பும் அதன் கருவிகளும் மாயையிலிருந்து வந்தவை. மாயையும் ஒரு மலம்தான், உயிரைப் பற்றிய அழுக்கு. அப்படியிருக்க, இறைவன் மலத்தைக் கொண்டே மலத்தைக் கழுவுகிறான் என்பது எப்படிப் பொருந்தும்? விடைக்கு அவர் போனது துணி வெளுக்கும் துறைக்கு. சாணியும் உவர்மண்ணும் துணிக்கு அழுக்குதான். ஆனாலும் அவற்றை ஏற்றித்தான் பழைய அழுக்கை எடுக்கிறார்கள்.

வடசென்னையில் உள்ள கொடுங்கையூருக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தள்ளி வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களால் அந்தப் பெயர். அதையொட்டி ராயபுரம், காசிமேடு. காசிமேட்டில் ஒதுக்கப்படும் இறால் ஓடு போன்ற கழிவிலிருந்துதான் கைட்டோசான் என்ற பொருளை எடுக்கிறார்கள். அதோடு, துருவுக்கு உறவான மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை நுண்துகளாகச் சேர்த்தால், சாயத்தண்ணீரைத் தெளியவைக்கும் நானோ கூட்டுப்பொருள் கிடைக்கிறது. ஓடும் துருவும் சாயத்தைக் கழுவுகின்றன. அருணந்தியாருக்குப் புரிந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்க்க அழகாக இருக்கும். குடுவையில் பீட்ரூட் சாறு போல் சிவந்த தண்ணீர். அதில் கொஞ்சம் அமிலம், ஒரு சிட்டிகை கருந்தூள். அமிலத்தில் கைட்டோசான் நேர்மின் ஏற்று, எதிர்மின் கொண்ட சாய மூலக்கூறுகளைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்கிறது. குலுக்கிவிட்டுக் காந்தத்தைப் பக்கவாட்டில் வைத்தால், தூள் முழுதும் ஒரு சுவரில் போய் அப்பிக்கொள்ளும். மிச்சம், தெளிந்த நீர்.

பெரும்பாலானோர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்ததையும் பார்க்க வேண்டும். தூளை மறுபடி பயன்படுத்த, காஸ்டிக் சோடாக் கரைசலில் அலசுகிறார்கள். அந்தச் சிவப்பு அப்படியே திரும்பி வருகிறது, முன்னைவிட அடர்த்தியாக.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் வேதியியலுக்கு நிகரான நேர்மையோடு பேசுகிறது. முத்தியிலும் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமை மட்டுமே அடங்குகிறது என்பது அதன் கொள்கை. உள்ள பொருள் இல்லாமல் போகாது. ஆனால் துறையில் அலசிய தண்ணீர் எங்கே போனது என்று உவமை கேட்கவில்லை. அன்றைய ஆறு சாணியையும் உவரையும் தாங்கியது. கேட்கத் தேவை இருந்திருக்காது.

திருப்பூரின் நொய்யல் ஆறு அப்படித் தாங்கவில்லை. ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களுக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. எந்த வயலுக்காக அணை எழுந்ததோ, அந்த வயல்காரர்களே வழக்காட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியில் பட்டறைகள் ஓடுகின்றன. தண்ணீர் மீள்கிறது, சேறும் கலப்பு உப்பும் சுத்திகரிப்பு நிலையங்களில் தேங்கி நிற்கின்றன.

மேல்துறையில் இருப்பவர் வெள்ளைத் துணியோடு வீடு திரும்பும்போது கீழ்த்துறையில் இருப்பவர் சாயத்தைக் குடித்தால், அதற்குத் தூய்மை என்று பெயர் வைக்க முடியாது. அது இடமாற்றம். கொடுங்கையூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள நிலையத்தில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தெளியவைத்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு 2019-இல் வந்தது. நல்ல ஏற்பாடு. அதே ஊரில், 300 ஏக்கருக்கும் மேற்பட்ட குப்பைமேட்டில், வடசென்னை பல பத்தாண்டுகளாகத் தன் வாசலைப் பெருக்கிக் கொட்டியிருக்கிறது. நகரத்தின் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருந்தூளாக ஓர் ஊரையே ஆக்கியிருக்கிறோம். அதை அலசிவிட யாரும் அவசரப்படவில்லை.

இப்போது மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. கூடவே, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைக்கும் திட்டம். குடியிருப்போர் சாலையில் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். எரித்த பிறகு புகை யார் வீட்டுக்குள் வரும், சாம்பலை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை.