முப்பத்தாறா, முப்பத்தொன்பதா?

குதிரைத்திறன் ஒரு விஞ்ஞானி வகுத்த அளவு என்று பள்ளியில் படித்திருப்போம். பாதி சரி. அதை வகுத்த நேரத்தில் ஜேம்ஸ் வாட் கையில் விற்பனைக்கு நீராவி எந்திரம் இருந்தது. வாங்க வந்தவர்களோ ஆலையில் குதிரை கட்டிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். 'உன் எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?' என்பதுதான் அவர்கள் கேள்வி. 1780-களின் தொடக்கத்தில் வாட் கணக்குப் போட்டு, ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று வைத்தார். நாள் முழுக்க அவ்வளவு இழுக்கிற குதிரை அபூர்வம். குதிரையின் பக்கம் தாராளமாகக் கொடுத்துவிட்டால், பத்துக் குதிரை எந்திரம் வாங்கியவன் நாளைக்கு வந்து சண்டை போடமாட்டான். இதை நேர்மை என்றும் சொல்லலாம், வியாபாரத் தந்திரம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பழங்கதைக்குள் நான் போனது ஒரு விளம்பரம் எழுதப்போய். நந்தனத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே நண்பருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. ஜனவரியில் நீங்கள் புத்தகக் கண்காட்சிக்கு வந்து போகும் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலிருந்து நடந்து வரும் தூரம்தான். நண்பர் கனடா போகிறார், வண்டியை விற்க வேண்டும். "நீதானே எழுதறவன், நாலு வரி எழுதிக் குடு" என்றார். மூன்று வரி சுலபம்: வருடம், நிறம், சீட் உறை. நாலாவது வரியில் ஒரு எண் வேண்டும். பழைய கார் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது அதைத்தான். எத்தனை ஹெச்.பி.?

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்தது, 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்தது. அதன் கூரை போல்ட் போட்டு மாட்டியது. கழற்றினால் தனியாக வந்துவிடும். நண்பரின் வண்டிக்குக் கூரை எப்போதோ போய்விட்டது. இதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, இதே மிக்கெலாட்டி வரைந்த இன்னொரு உடம்பை மேலே வைத்துத்தான் டிரையம்ப் தன் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயரைச் செய்தது. இன்ஜினும் ஒரே குடும்பம். ஆக, கூரையில்லாத ஹெரால்டு என்பது கொஞ்சம் வசதி குறைந்த வீட்டில் பிறந்த ஸ்பிட்ஃபயர்.

அந்த இன்ஜின் குடும்பத்தின் வரலாறு சுவாரசியமானது. சிலிண்டரின் விட்டம் போர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஸ்ட்ரோக். 1950-களில் 58 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், 803 சிசி என்று தொடங்கினார்கள். பிறகு போர் 63 ஆகி 948 சிசி. இங்கே ஓடிய ஹெரால்டுகளில் இருந்தது இதுதான். அங்கே 69.3 ஆகி 1147, 73.7 ஆகி 1296. அதற்குமேல் அகலப்படுத்த இரும்பில் இடமில்லை. அப்போதுதான் ஸ்ட்ரோக்கில் கை வைத்தார்கள், 76 என்பது 87.5 ஆனது, 1493 சிசி வந்தது. 1970-களின் ஸ்பிட்ஃபயர் 1500-இல் இருப்பது அதுதான். இன்று ஷெட்டுகளில் 'ஸ்ட்ரோக்கர்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதைக் கம்பெனியே செய்து விற்றது.

விலை இல்லாமல் இல்லை. 5500 சுற்றில் 76 மி.மீ. பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 13.9 மீட்டர் ஓடும். 87.5 மி.மீ. பிஸ்டன் 16 மீட்டர் ஓடும். உச்சியில் நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் வாங்கும் இழுப்பும் அதற்கேற்பக் கூடும். அந்தக் கிராங்க்கைத் தாங்க இருப்பது மூன்றே மெயின் பேரிங். தொடர்ந்து வேகமாக ஓட்டினால் 1500 கீழ்ப்பகுதியில் அடிவாங்கும் என்று அதை ஓட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். கம்பெனி விளம்பரத்தில் திறன் இருந்தது. இது இல்லை.

நண்பரின் இன்ஜினுக்கு வருவோம். முதலில் ரீபோர். அறுபது தௌ ஓவர்சைஸ் பிஸ்டன், போர் 64.5 மி.மீ., 993 சிசி. இதில் பாவம் ஒன்றும் இல்லை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது இந்தியாவில் ஓடிய எல்லாப் பழைய வண்டிக்கும் நடந்ததுதான். ஆர்.சி. புத்தகத்தில் 948 என்றே இருக்கும், உள்ளே 993 ஓடும், யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

அடுத்தது கிராங்க். தேய்ந்த கிராங்க் பின்னைச் சாணை பிடித்துச் சிறிதாக்குவதும் வழக்கமான ரிப்பேர்தான். கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அதே மெஷினில், அதே கல்லில், பின்னின் மையத்தை மட்டும் ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளிப் பிடித்துச் சாணை போட்டார்கள். பின்னின் விட்டம் 3 மி.மீ. குறைந்தது, ஸ்ட்ரோக் 3 மி.மீ. கூடியது. மெலிந்த பின்னுக்குப் பொருந்த வேறொரு வண்டியின் கனெக்டிங் ராட், உச்சியில் ஹெட்டில் முட்டாதபடி தலை குட்டையான பிஸ்டன். 79 மி.மீ. ஸ்ட்ரோக், 1032 சிசி. ஹெட் வேலை, கேம், இரண்டு கார்ப்பரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்து எட்டு மாதம். கூடியது மொத்தம் 84 சிசி. நம்ம ஃபில்டர் காபி டம்ளரில் பாதிகூட வராது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ரிப்பேருக்கும் ஆசைக்கும் நடுவிலிருக்கும் தூரம் சரியாக ஒன்றரை மி.மீ. என்பது. போர் தேய்மானத்தால் பெருகும், காலம் செய்கிற வேலை அது. ஸ்ட்ரோக் தானாகப் பெருகாது, ஒருவர் ஆசைப்பட வேண்டும். சட்டம் இந்த நுணுக்கத்துக்குள் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அதைப் பற்றி 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சொல்வது, ஆர்.சி.யில் பதிந்த விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிளாக் அதே பிளாக், எண் அதே எண். தெரியாது என்பதாலேயே வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஒரு விபத்தென்றால் இன்ஷூரன்ஸ்காரர் முன்னால் நிற்கப்போவது அவர்தான். நண்பருக்கு இதில் தகராறு இல்லை. "1032-ன்னே போடு, பெருமைதானே" என்றார்.

தகராறு டைனோ காகிதத்தில் வந்தது.

டைனோ என்பது தரைமட்டத்தில் பதித்த கனமான உருளை. பின்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, பட்டை போட்டு வண்டியைக் கட்டி, முன்னால் பெரிய ஃபேன் வைத்து, மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்துக் கணினி திறனைச் சொல்லும். பதினைந்து இருபது வினாடி விஷயம். நாங்கள் போனது மே மாதம், ஷெட்டுக்குள் 36 டிகிரி. கோட்டின் உச்சியும், வேடிக்கையாக, 36. அங்கே இருந்த பையன் கேட்டான்: "சார், எந்த கரெக்‌ஷன்ல பிரின்ட் போடட்டும்? எஸ்.ஏ.இ.ன்னா 37.7 வரும். எஸ்.டி.டி.ன்னா 39. எல்லாரும் எஸ்.டி.டி.தான் கேப்பாங்க."

வெயிலில் காற்று விரியும், ஈரமும் சேர்ந்தால் ஒரு மூச்சுக்கு இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறையும். மேயில் ஓடிய வண்டியையும் ஜனவரியில் ஓடிய வண்டியையும், சென்னையையும் ஊட்டியையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு பொதுவான காற்று வேண்டும். எஸ்.ஏ.இ. அந்தக் காற்றை 25 டிகிரி என்று வைக்கிறது. பழைய எஸ்.டி.டி. அதை 15.5 டிகிரி என்று வைக்கிறது. காற்று குளிரக் குளிர எண் ஏறும். இரண்டும் ஊரறிந்த கணக்குகள், ஒன்றும் மோசடி இல்லை. ஆனால் 15.5 டிகிரி என்பது சென்னையில் மார்கழி விடியலில்கூட எப்போதாவது எட்டிப்பார்க்கும் குளிர். அண்ணா சாலை நந்தனம் சிக்னலில் நிற்கும் ஹெரால்டு அந்தக் காற்றைச் சுவாசிக்கவே போவதில்லை.

உண்மை, வாய்மை, மெய்மை என்று மூன்றாகப் பிரித்து, உள்ளத்தால், வாயால், மெய்யால் என்று விளக்கும் மரபு நமக்கு உண்டு. பரீட்சைக்குப் படித்து மறந்தது அன்று ஷெட்டில் ஞாபகம் வந்தது. இன்ஜினுக்கு உள்ளமும் வாயும் கிடையாது. மெய் மட்டும்தான். 36 என்பது அது மெய்யால் சொன்னது, 39 என்பது அதன் சார்பில் நாம் வாயால் சொல்வது. இப்படித்தான் முதலில் நினைத்தேன், அழகாகவும் இருந்தது. கொஞ்சம் விசாரித்ததும் ஆட்டம் கண்டது. டயரில் காற்று குறைவா, பட்டை எவ்வளவு இறுக்கம், கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறியதா, எல்லாம் அந்த 36-க்குள் இருக்கிறது. அதுவும் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை.

ஸ்பிட்ஃபயர் கதையே இதற்குச் சாட்சி. மூன்றாம் மாடலுக்கு 75 குதிரை என்று போட்டார்கள். நான்காம் மாடல் வந்தபோது 63. இன்ஜின் அதே 1296 சிசி, தொடக்கத்தில் வந்தவற்றில் உண்மையான திறனும் அதேதான். அளக்கும் முறை ஜெர்மனியின் டின் முறைக்கு மாறியது, அவ்வளவுதான். ஒரே இரவில் பன்னிரண்டு குதிரை தொழுவத்தைவிட்டு ஓடிப்போயின. அப்படியென்றால் 75 பொய்யா? எனக்கு அப்படித் தெரியவில்லை. எண் எப்போதும் ஒரு கேள்விக்குப் பதில். கேள்வியைச் சேர்த்துச் சொல்லும்வரை 75-உம் சரி, 63-உம் சரி. கேள்வியை மறைத்துப் பதிலை மட்டும் நீட்டும்போதுதான் பொய் பிறக்கிறது. 2015-இல் மாட்டிய ஃபோக்ஸ்வாகன் டீசல்கள் செய்ததும் இதன் கொடூரமான வடிவம்தான். உருளைமேல் ஓடுகிறோம் என்று மென்பொருள் கண்டுபிடித்துக்கொண்டு புகையைக் குறைத்தது, சாலைக்கு வந்ததும் பழையபடி கக்கியது. சோதனையில் காட்டிய எண் பொய்யில்லை. 'சாலையில் எவ்வளவு?' என்ற கேள்விக்கு அதைப் பதிலாகக் கொடுத்ததுதான் பொய்.

ஆகவே விளம்பரத்தில் "சக்கரத்தில் 36 ஹெச்.பி., 36 டிகிரி வெயிலில், கரெக்‌ஷன் இல்லாமல்" என்று எழுதினேன். நண்பர் படித்துவிட்டு, "எல்லாரும் 39 போடற எடத்துல நாம மட்டும் 36 போட்டா, நாமதான் பொய் சொல்றோம். வாங்கறவன் மனசுக்குள்ள ரெண்டு மூணு கழிச்சுத்தான் படிப்பான்" என்றார். லேசான வாதம் இல்லை இது. எல்லோரும் கூட்டிச் சொல்லும் சந்தையில் நேராகச் சொன்ன எண் தவறாகத்தான் காதில் விழும். கடைசியில் மூன்று எண்ணையும் போடுவது, எது எந்தக் காற்றுக்கு என்று பக்கத்தில் எழுதுவது என்று சமாதானமானோம். இருவருக்கும் திருப்தி. அதுதான் எனக்கு உறுத்தியது. மூன்று குதிரைக்காக ஒரு வாரம் சண்டை போட்டு, நேர்மையை முடித்துவிட்ட நிம்மதி வந்துவிட்டது. இன்ஜினைக் கட்டிய அண்ணனிடம் காகிதத்தைக் காட்டினேன். "பவரெல்லாம் சரி சார். அந்த பின்னு மூணு மில்லி எளைச்சிருக்கு. அது எத்தன வருஷம் நிக்கும்னு எந்த ரோலர்ல ஏத்திப் பாப்பீங்க?" என்றார்.

அவர் கேட்டதற்கு மெஷின் கிடையாது. இருபது வினாடி ஓட்டம் இருபது வினாடியைத்தான் அளக்கும். இரும்பின் அலுப்பு லட்சக்கணக்கான சுற்றுகளில், ஒரு மயிரிழைக் கீறலாக, சத்தமே இல்லாமல் சேரும். உடைகிற அன்று வரை இன்ஜின் அதே 36-ஐச் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போதைய முதலாளி அதற்குள் டொரன்டோவில் இருப்பார்.

ஐந்தாவது வரி ஒன்று சேர்த்தேன்: கிராங்க் ஆஃப்செட் கிரைண்டிங் செய்தது, பின் 3 மி.மீ. மெலிந்தது, 5000 சுற்றுக்குமேல் நெடுநேரம் ஓட்ட வேண்டாம். நண்பர் முகம் சுருங்கியது. "ஒடையும்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. "ஒடையாதுன்னா, தெரியாத ஒண்ண எழுதி வெலைய கொறைக்கிறே. உன் நேர்மைக்கு என் பணமா?" பணம் அவருடையது என்பதில் சந்தேகமில்லை. அடுத்தவர் செலவில் நல்லவனாக இருப்பது மிகவும் வசதியான நிலை, அந்த வசதி எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் மெலிந்தது எனக்குத் தெரியும். நிற்குமா என்பதுதான் தெரியாது. தெரிந்த பாதியைச் சொல்ல, தெரியாத பாதி ஏன் தடையாக வேண்டும்? அவர் அந்த வரியை அடித்தார். நான் திரும்ப எழுதினேன். மூன்றாம் முறை அவர் அடிக்கவில்லை, "என்னமோ பண்ணு" என்றார்.

போன ஞாயிறு சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று எண்ணையும் படித்துத் தலையாட்டினான், டர்ன்புல்ஸ் ரோடு வரை ஓட்டிப் பார்த்தான், திரும்பி வந்தபோது வாயெல்லாம் பல். பிறகு காகிதத்தை மறுபடி எடுத்து, ஐந்தாவது வரியில் விரல் வைத்து, "இதுக்கு நாப்பதாயிரம் கொறைச்சுக்கலாமாண்ணா?" என்றான். நண்பர் என்னைப் பார்த்தார். பேரம் இன்னும் முடியவில்லை. நண்பர் முப்பத்தைந்து வரை இறங்கியிருக்கிறார்.