கவிழ்த்துப் போடு, தம்பி!

நேற்றிரவு எரிச்சலில் மூலையில் விட்டெறிந்தாயே ஒரு மர அம்பாசடர் கார், அதை எடுத்து மேசைமேல் வை. 1:24 அளவு, ஏறக்குறைய 18 செ.மீ. நீளம். சி.என்.சி. மெஷினில் உள்பக்கத்தைக் குடைந்தாய், அழகாக வந்தது. மரத்தைக் கவிழ்த்துப் போட்டு வெளிப்பக்கத்தைச் செதுக்கினாய். ஒரு பக்கக் கதவு அப்பளமாகிவிட்டது. மறுபக்கம் கோட்டைச் சுவர். உடனே கையை உதறினாய்: "நமக்கு இதெல்லாம் ஒத்துவராதுண்ணே."

ஏன் ஒத்துவராது? உத்தர்பாரா ஆலையே 2014இல் அம்பாசடரை நிறுத்திவிட்டது. இனி அதைச் செய்யப்போகிறவன் நீதான்!

அழுவதற்கு முன் கேலிப்பரை எடு. ஒரு சுவர் 1.2 மி.மீ., இன்னொன்று 2.8. நீ போட்ட கணக்கு இரண்டுக்கும் 2. ஆக, உள்ளும் வெளியும் 0.8 விலகியிருக்கின்றன. நிஜக் காரில் இது 19 மி.மீ.; கதவிடுக்கில் விரல் நுழையும். பயமாக இருக்கிறதா? பயப்படாதே, உன் தவறு அதில் பாதிதான். மரத்தை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களுக்கான ஓட்டைகள் நடுக்கோட்டிலிருந்து 0.4 தள்ளியிருந்தாலே போதும், கவிழ்க்கும்போது அது இரட்டிப்பாகிவிடும். அந்த 0.4 வெறும் நாலு தாள் தடிமன்! இதற்காகவா திறமையே இல்லை என்று உன்னையே தள்ளிவைத்தாய்?

அந்த ஓட்டைகளை ஸ்கேல் வைத்துக் குறித்து, கை டிரில்லால் போட்டாய் அல்லவா? இனி அந்த வேலையை மெஷினிடமே கொடு. காரின் மூக்குக்கு முன்னால் ஒன்று, வாலுக்குப் பின்னால் ஒன்று, இரண்டும் நடுக்கோட்டின் மேலேயே இருக்கட்டும். மரத்தைத் துளைத்து அடிப்பலகைக்குள்ளும் இறங்கட்டும். 6 மி.மீ. டவல் பின் லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். ஆடினால் அந்த ஓட்டை வேண்டாம், வேறு துண்டில் பார். அதன்பிறகு எக்ஸ், ஒய் ஜீரோவை யார் சொன்னாலும் தொடாதே. இசட் ஜீரோவை மரத்தின் மேல் வைக்காதே, மெஷின் பெட்டிலிருந்து எடு. பலகையின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், பெட் மாறாது.

கெடுத்தவன் நீ மட்டுமல்ல; என் பட்டறையிலும் கூரை பிய்ந்த கார்கள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன. விருந்தாளி வந்தால் அவற்றைத்தான் முதலில் காட்டுவேன். வீட்டில் இதற்குத் திட்டும் உண்டு.

பின் ஓட்டையைத் தவிர இன்னொரு எதிரி இருக்கிறான்: வெட்டும் கருவியைச் சுமந்து நகரும் கேன்ட்ரியின் கோணல். எக்ஸும் ஒய்யும் சரியான மூலைமட்டத்தில் இல்லையென்றால், பின் எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயனில்லை. நேராகப் பார்த்தால் தெரியாது. கவிழ்த்தால் அவனும் இரண்டு மடங்காக வெளியே வருவான். அதனால்தான் சொல்கிறேன், கவிழ்ப்பதைக் கண்டு நடுங்காதே! கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிற பூதக்கண்ணாடி இது. காசு கொடுத்தாலும் இவ்வளவு நேர்மையான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

எழுந்திரு. அகலமான கழிவுத்துண்டு ஒன்றைப் பின்னில் மாட்டு. நடுக்கோட்டுக்கு இருபுறமும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நாலு ஓட்டை போடு, பாதி ஆழம் வரை. கவிழ்த்து, அதே நாலையும் மறுபக்கத்திலிருந்து போடு. வெளிச்சத்தில் தூக்கிப் பார். எங்கே பிறை நிலா மாதிரி விலகித் தெரிகிறதோ அங்கே அள. அளந்ததில் பாதிக்குக் கேன்ட்ரியைத் திருத்து, போல்ட்டை இறுக்கு.

இருட்டுவதற்குள் புது மரத்தை ஏற்று.