தீயவனின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த இரும்புச் சாமான்களுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவே பழைய புத்தகங்களும் கிடைக்கும் என்பதைப் பொழிச்சலூர்வாசிகள் நன்கு அறிவர். நம் தெருவில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் அண்மையில் அங்கிருந்து ஆங்கிலச் சித்திரக்கதை நூல்கள் சிலவற்றை வாங்கி வந்தான். எல்லாம் ஒரே தீயவனைப் பற்றியவை. அண்டத்து உயிர்களில் சரிபாதியை ஒரு விரல் சொடுக்கில் அழித்த தானோஸ் என்பவனே அவன். “ஐயா, இவற்றில் எதை முதலில் படிப்பது?” என்று அம்மாணவன் நம்மிடம் கேட்டான்.

சிறிய கேள்விதான். ஆயினும் அதே வாரத்தில் நம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதை எளிதாகக் கடந்து செல்ல விடவில்லை. மாலையில் பால் வாங்கச் சென்ற மூதாட்டி ஒருவரின் கழுத்துச் சங்கிலியை, வண்டியில் வந்த இளைஞன் ஒருவன் அறுத்துச் சென்றான். கீழே விழுந்த அம்மையாரின் மணிக்கட்டு முறிந்தது. பிடிபட்டவன் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. அன்றிரவே தெருவில் பேச்சு எழுந்தது. தந்தை குடித்தே மாண்டார். தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. கூறப்பட்டவை யாவும் உண்மையே. ஆனால் அன்று எவரும் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் செல்லவில்லை. நாமும் செல்லவில்லை.

தீயவனின் கதையை எங்கிருந்து தொடங்குவது? அவன் செய்ததிலிருந்தா, அல்லது அவனுக்குச் செய்யப்பட்டதிலிருந்தா?

தானோஸின் கதைகளை இரு வரிசைகளில் படிக்கலாம். ஒன்று அவை வெளிவந்த வரிசை. மற்றொன்று அவனது வாழ்க்கையின் வரிசை. ஜிம் ஸ்டார்லின் படைத்த இப்பாத்திரம், 1973 பிப்ரவரி தேதியிட்ட ‘அயர்ன் மேன்’ 55ஆம் இதழில் முதன்முதல் தோன்றியது. அடுத்து ‘கேப்டன் மார்வெல்’ இதழ்களில் அவன் அண்டம் முழுவதையும் ஆள முனைந்தான். 1977இல் மடிந்தான். 1990இல் மீண்டும் உயிர்பெற்று, ‘தானோஸ் குவெஸ்ட்’ என்னும் கதையில் பேராற்றல் வாய்ந்த ஆறு மணிகளைக் கவர்ந்தான். 1991இல் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ என்னும் ஆறு பகுதித் தொடரில் உயிர்களில் பாதி மறைந்தது. சாவைப் பெண்ணுருவில் கண்டு அவள்மீது காதல் கொண்டவன், அவளுக்குக் காணிக்கையாகவே அதைச் செய்தான். அவனுடைய பிள்ளைப் பருவமோ 2013இல்தான், ‘தானோஸ் ரைசிங்’ என்னும் ஐந்து பகுதித் தொடராக விரிவாகச் சொல்லப்பட்டது. பெற்ற தாயே பிறந்த குழந்தையைக் கொல்ல முயன்றாள் என்கிறது அக்கதை.

வாழ்க்கை வரிசைப்படி படிக்கத் தொடங்குபவன் கடைசியில் எழுதப்பட்ட இந்நூலையே முதலில் கையில் எடுக்கிறான். தாய் வெறுத்த குழந்தையைக் கண்டு அவன் மனம் இளகுகிறது. இளகுவது இயல்பே. ஆனால் அதன் பிறகு மறையும் கோடானுகோடி உயிர்கள், அக்குழந்தையின் துயரக் கதையில் ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றன. மறைந்தோருக்குப் பெயர் இல்லை. அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைச் சொல்லத் தனி நூல் எதுவும் இல்லை. 2018இல் வந்த திரைப்படத்தில் அவனது காரணமே மாற்றப்பட்டது. உயிர்கள் பெருகினால் உணவு போதாது என்று, 1798இல் மால்தூஸ் எழுப்பிய அச்சத்தையொத்த ஒன்றை அவன் பேசினான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு என்று வாதிட்ட இளைஞர்கள் சிலர் அல்லர். காரணம் தெளிவாக ஒலிக்கும் இடத்தில், இழந்தோரின் குரல் எவ்வளவு எளிதாக அமுங்கிவிடுகிறது!

இச்சிக்கல் புதியதன்று. மூவுலகையும் நடுங்கவைத்த ஒருவனின் கதை நம் நாட்டில் பன்னெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வான்மீகி இராமாயணத்தில் இராவணனின் பிறப்பும் இளமையும் எங்கே வருகின்றன? அவன் போரில் மாண்டு, இராமன் முடிசூடிய பின்னர், உத்தர காண்டத்தில் வருகின்றன. அவற்றைச் சொல்பவர் அகத்தியர். நம் பொழிச்சலூரின் பழமையான சிவாலயம் இம்முனிவரின் பெயராலேயே அகத்தீசுவரர் ஆலயம் என வழங்குகிறது. செல்வச் சிறப்போடு வந்த குபேரனைச் சுட்டிக்காட்டி, நீயும் இவனைப்போல் ஆக வேண்டும் என்று தாய் கைகேசி தூண்டியதும், மகனின் நெஞ்சில் பொறாமை மூண்டதும் அங்கேதான் தெரியவருகின்றன. கேட்டுக்கொண்டிருப்பவன் இராமன். மனைவியை இழந்து அலைந்தவன், பகைவனின் இளமையை இறுதியில் கேட்கிறான். மில்டனும் 1667இல் வெளியிட்ட தம் காவியத்தில், வீழ்ந்துகிடக்கும் சாத்தானை முதலில் காட்டி, வீழ்ச்சிக்கு முந்திய வரலாற்றைப் பின்னரே விரித்தார்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அது வலுவானது. ஒருவனைத் தீயவன் என்று முடிவு செய்தவர் யார்? வென்றவர்களே கதை சொல்லும்போது, தோற்றவனின் தரப்பு என்றும் கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிடாதா? புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ படைத்தது இக்கேள்வியால்தான். அந்நூல் தமிழகக் காண்டத்தில் தொடங்குகிறது. இராவணனின் மண்ணும் மக்களுமே அங்கு முதலிடம் பெறுகின்றனர். 1948இல் அதற்குத் தடை விதிக்கப்பட்டது, 1971இல்தான் நீங்கியது. குற்றமே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது வரிசையைத் தலைகீழாக்குவது நீதியின் கடமை. ஆனால் குற்றம் ஐயமின்றித் தெரிந்திருக்க, பாதிக்கப்பட்டவர் முறிந்த கையோடு எதிர்வீட்டில் அமர்ந்திருக்கும்போது, அதே முறை அவருக்கு இரண்டாவது அநீதியாகிவிடுகிறது.

செயலை முதலில் பார்ப்பவன் அங்கேயே நின்றுவிடுவதும் தவறு. 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. தமிழ்ச் சிறுவர்கள் போற்றிய அந்த நாயகன், தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் திரிந்து திருடியவனே. பின்னர்தான் நிழற்படையின் உளவாளியானான். முதல் கதையோடு நூலை மூடியிருந்தால் அந்த மாற்றத்தை நாம் கண்டிருக்க மாட்டோம். தானோஸும் 1991ஆம் ஆண்டுத் தொடரின் முடிவில், ஆற்றல் அனைத்தையும் இழந்து நிலத்தை உழும் எளிய உழவனாகவே காட்டப்படுகிறான். செயலிலேயே நின்றுவிடும் கண் கல்லாகிவிடும். காரணத்தில் தொடங்கும் கண்ணோ, அருகில் அழுபவரைக் காணாது.

ஆகவே அம்மாணவனுக்கு வெளிவந்த வரிசையையே கூறினோம். முதலில் 1973ஆம் ஆண்டுக் கதைகள், பிறகு 1977இல் வந்த முடிவு, அதன் பின் ‘தானோஸ் குவெஸ்ட்’, அதையடுத்து ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’, இறுதியில் ‘தானோஸ் ரைசிங்’. கடைசி நூலைத் தவறவிட வேண்டாம் என்றும் வற்புறுத்தினோம்.

அறிவுரை கூறியவர் அதன்படி நடக்க வேண்டுமல்லவா? மறுநாள் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒரு மணி நேரம் பேசினார். சங்கிலி மறைந்த கணவர் செய்து போட்டது. இப்பொழுது பால் வாங்கப் போகவும் அஞ்சுகிறார். அந்த இளைஞனின் வறுமையைப் பற்றி நாம் அங்கே வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவனுடைய தாயைக் காணச் சென்றோம். மகனைப் பற்றி ஆறுதல் கூறச் சொற்களைத் தேடிக்கொண்டே படியேறினோம். கதவைத் திறந்த அந்தத் தாய் நம்மைப் பேச விடவில்லை.

“அந்தப் பெரியம்மாவுக்குக் கை எப்படி இருக்கிறது, ஐயா?” என்றுதான் முதலில் கேட்டார்.