அரையர் திருமாளிகையில் உடையவர்

பழவேற்காடு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ஸ்ரீராமகாதை சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏரியில் பாடு முறைப்படி வலையிட்டுக் கரையேறும் மீனவரும் ஏடு புரட்டாமலே அதனைக் கண்ணால் ஓதலாம். இவையெல்லாம் பாமரர்க்கே, தத்துவம் பண்டிதர்க்கே என்பாருமுளர்.

ஸ்ரீபாஷ்யம் அருளிய உடையவர் அவ்வாறு கருதினாரல்லர். ஆளவந்தார் திருக்குமாரர் திருவரங்கப்பெருமாளரையர், பெரியபெருமாள் திருமுன்பே திவ்யப்ரபந்தத்தை இசைத்து அபிநயித்தவர். அவர் திருமாளிகையில் ஆறு திங்கள் உடையவர் பால் காய்ச்சியும், ஆடிக் களைத்த திருமேனிக்கு மஞ்சள் காப்பு அரைத்தும் கைங்கரியம் செய்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஒருநாள் காப்பின் பதம் பிசகிற்று. அரையர் வாய்திறந்தாரில்லை, திருமுகக் குறிப்பாலேயே உடையவர் அதனை உணர்ந்து, மறுபடி அரைத்துச் சமர்ப்பித்தார். அதன் பின்னரன்றோ ஆசார்யனே தஞ்சம் என்னும் சரமோபாயம் அவருக்கு அருளப்பெற்றது! வாதத்தில் வெல்லவொண்ணாத பேரறிஞர், முகபாவத்தைப் படித்தே அதற்குப் பாத்திரமானார்.

முத்துக்குறியில் அரையர் ஒருவரே தாயாகி, மகளாகி, குறிசொல்லும் கட்டுவிச்சியுமாகிறார். ஆடவர் ஒருவர் நாயகியாய் நின்று தவிக்கையில், எவ்வான்மாவும் எம்பெருமானுக்கே உரியது என்னும் சேஷத்வம் கண்முன் நிற்கிறது.

ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் இன்றும் அரையர் ஸேவை நடைபெறுகிறது. ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் தாளவொலியைக் கேட்பதோடு அரையர் திருமுகத்தையும் நோக்குவார்களாக.