கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை

மிஷின் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் ஃபீல்ட் சேல்ஸ் பார்த்தேன். அறுப்பு மிஷின், ஜேசிபி, ரோட்டவேட்டர். காலையில் செங்கம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. பிறகு பைக்கில் மேல்செங்கம், புதுப்பாளையம், பரமனந்தல் என்று சுற்றல். வாடகை மணிக்கணக்கில். மணி கூடினால் கம்பெனிக்கு லாபம், எனக்கு இன்சென்டிவ்.

ஒரு தை மாதம், மழையில் நெல் சாய்ந்து கிடந்தது. அதுவரை ஆள் வைத்தே அறுத்துவந்த ஒரு பெரியவர் முதல்முறையாக மிஷின் கேட்டார். ஒன்றரை ஏக்கர். வரப்பிலிருந்து இறங்கினேன், கணுக்கால் வரை புதைந்தது. அந்தச் சேற்றுக்கு பெல்ட் வண்டிதான் சரி. எங்கள் பெல்ட் வண்டிகள் நாலு நாளைக்கு புக் ஆகியிருந்தன. டயர் வண்டி மட்டும் சும்மா நின்றது. மாதக் கடைசி வேறு.

“வண்டி எப்போ தம்பி வரும்?”

“காலையில ஏழு மணிக்கு வந்துடும் ஐயா.”

நான் சொன்னது உண்மை. வண்டியும் வந்தது. வந்து, சேற்றில் இறங்கி, சிக்கி, டிராக்டர் கட்டி இழுத்து, ஒன்றரை மணி நேர வேலை மூன்றரை மணி நேரமானது.

இது பழைய கேள்வி. கி.மு. 44இல் சிசரோ ஒரு கதையை வைத்து இதை விவாதிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? பொய் சொல்லாதவரை போதும் என்கிறார் டயோஜெனஸ். மறைக்கக் கூடாது என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம்.

எனக்கு இருவரிடமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. பக்கத்துக் கம்பெனி ரேட்டை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு போன் போட்டால் அவருக்கே தெரிந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு வண்டி தருவதும் உழவன் செயலியில் இருக்கிறது. ஆனால் டயர் வண்டி சேற்றில் என்ன ஆகும் என்பது, பல கழனிகளில் நான் பார்த்தது. அவர் பார்க்காதது. அந்தத் தெரிந்திருத்தலை நம்பித்தான் என்னை வரப்பில் நிற்க விட்டார். அதை மறைத்தால் நான் அங்கே நின்றதற்கே அர்த்தமில்லை.

செங்கம்தான் மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா என்பார்கள். பரிசு பெற்ற கூத்தன் இன்னொருவனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. ஊரின் வளத்தை மட்டும் அவன் சொல்வதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, தினைப்புனத்திலிருந்து வரும் கவண்கல் எல்லாவற்றையும் சொல்கிறான். அவனுக்கு இன்சென்டிவ் இல்லை, சரிதான். ஆனாலும் வழி சொல்பவன் குழியையும் சொல்ல வேண்டும் என்று இந்த ஊர் பற்றிய பாட்டிலேயே இருக்கிறது.

பெரியவர் சண்டை போடவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“இது உனக்குத் தெரியாதா தம்பி?”

“தெரியலைங்க ஐயா.”

முதல் நாள் நான் பொய் சொல்லவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மௌனத்தின் மீதிப் பாக்கியை அன்று கட்டினேன்.

அதன்பிறகு கழனியில் காலை வைத்துப் பார்த்து, உள்ளதைச் சொல்லிவிடுவேன். சில ஆர்டர்கள் போயின. அவரிடம் மட்டும் இன்னும் போய்ச் சொல்லவில்லை.