சங்கிலி யாருக்காக?

நம் பங்கில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் தெரு முழுவதும் அறியும். அயல்வீட்டார் கஞ்சி கொண்டுவருவர். அதே வீட்டில் ஒரு வாலிபனுக்குச் சித்தம் கலங்கினாலோ கதவு சாத்தப்படும். பேய்க்கோளாறு என்பார் ஒருவர்; செய்வினை என்பார் வேறொருவர். கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்று சொல்லுகிற பெரியவர்களும் உண்டு. (வரப்போகிற பெண்ணின் கதியை அவர்கள் யோசிப்பதில்லை.) தங்கைக்கு வரன் தட்டிப்போகுமே என்ற பயத்தில், கடைசியில் இரவோடிரவாக வண்டி பிடித்து, ஏதாவதொரு புண்ணிய ஸ்தலத்தில் அவனை விட்டுவருகிறார்கள். இது பக்தியா, அல்லது பிலாத்து செய்ததுபோல் கைகழுவுவதா?

நம் மாப்பிள்ளையூரணியிலிருந்து கடற்கரையோரமாய் வடக்கே, வேம்பாரும் சாயல்குடியும் கடந்தால் ஏர்வாடி தர்கா. மத வித்தியாசமின்றிச் சனங்கள் நோயாளிகளைக் கொண்டுபோகும் ஸ்தலம். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், அங்கே தனியார் நடத்திய விடுதியொன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன்பின் அத்தகைய விடுதிகளை அரசு மூடியது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த நோயாளியையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்திருக்கிறது. அந்த ஊரைக் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நம் புளியம்பட்டி அர்ச். அந்தோனியார் கோயிலுக்கும் இப்படிப்பட்டவர்களை அழைத்துவருகிறோம் அல்லவா?

ஸ்தலத்தில் தங்குவதே வீண் என்று சொல்ல நான் வரவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளைப் பெங்களூர் மனநல வைத்தியர்கள் பரிசோதித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமலே, நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே விசேஷ சடங்கு ஒன்றுமில்லை. உறவினர் ஒருவர் கூட இருந்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது போன்ற சிறு வேலைகள், பயமுறுத்துவார் யாருமில்லை. அவ்வளவுதான். சிறிய ஆராய்ச்சி என்பதையும், மருந்தை நிறுத்தலாம் என்பதற்கு அது சாட்சியல்ல என்பதையும் மறக்கலாகாது. வேலூரில் 1957-ல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மனநல நிலையத்திலும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது வழக்கம். மருந்தும் உண்டு, துணையும் உண்டு.

இனி, பெல்ஜியம் தேசத்தில் கேல் என்றோர் ஊர். 7-ம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து தப்பிவந்த ராஜகுமாரி திம்ப்னா, மனைவியை இழந்து புத்தி பேதலித்த தன் தகப்பன் கையாலேயே அங்கே வெட்டுண்டு இறந்தாள் என்பது பாரம்பரியம். அவளே சித்தம் கலங்கினவர்களுக்குப் பாதுகாவலியானாள்! மத்திய காலத்தில் நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் அவள் கோயிலுக்கு வந்தார்கள். கோயிலை ஒட்டிய விடுதியில் இடம் போதாமல், ஊரார் தங்கள் வீடுகளில் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். வேண்டுதல் முடிந்தும் பலர் திரும்பிப் போகவில்லை. வயலில் வேலை செய்து, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவ்வீட்டாரோடு வயோதிகராயினர். 1930-களின் கடைசியில் அவ்வூர் வீடுகளில் இப்படி 3,700-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கேல் ஊரார் எல்லோரும் அர்ச்சியசிஷ்டவர்கள் என்று எண்ணவேண்டாம். விவசாயிக்கு ஆள் தேவை. செலவுக்குப் பணமும் கிடைத்தது. பிற்காலத்தில் அரசு வைத்தியரையும் நர்ஸையும் நியமித்து மேற்பார்வை செய்தது. இன்று தொகை மிகவும் குறைந்துவிட்டாலும் வழக்கம் நின்றுபோகவில்லை. அங்கே கோயிலுக்கு வந்தவனுக்கு ஒரு வீடு கிடைத்தது. நம்மிடத்திலோ வீட்டிலிருந்தவன் கோயிலுக்குப் போய் வீட்டை இழக்கிறான்.

ஆனால் பெற்றவளைக் குற்றவாளியாக்குவது நியாயமா? உப்பளத்துக்குப் போனால்தான் அவளுக்கு அன்றைக்குக் கஞ்சி. மகனை யாரிடம் விட்டுப்போவாள்? வீதியில் இறங்கினால் சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். நாம் பார்த்துச் சிரிக்கிறோம். ஆகவே பூட்டிவைக்கிறாள். அந்தப் பூட்டை அவள் தன் கையால் போட்டாலும், பாதி நாம் போட்டதுதான். தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் செலவில்லாமல் ஆலோசனை சொல்லுகிறார்கள். அதைவிட அவளுக்கு அவசரமாய் வேண்டியது, அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனோடு திண்ணையில் உட்கார ஓர் ஆள். மருந்து வாங்கப் போகிற நாளில் பஸ்ஸில் கூட வர ஓர் ஆள்.

கெரசேனர் நாட்டில் கல்லறைகளின் நடுவே சங்கிலிகளை முறித்துக்கொண்டு திரிந்தவனைச் சேசுநாதர் குணப்படுத்தியதை அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். குணமடைந்தவன் அவரோடேயே வந்துவிடுவதாகக் கெஞ்சினான். ஆண்டவர் சம்மதியாமல், அவனை அவன் வீட்டாரிடம் போகச் சொன்னார். அவன் போய் வாசலில் நின்றபோது வீட்டார் என்ன செய்தார்கள், பக்கத்து வீட்டார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை.